ஆனைக்கோயிலின் முதல் மேளம்

பூவலம்பாக்கத்தில் யானை கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததும் கிடையாது. ஆனாலும் குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆனைக்கோயில் எங்கே என்று கேட்டால், டீக்கடைக்காரர் முதல் பூ விற்கிறவள் வரை எல்லோரும் பூவலம்பாக்கத்துக்குத்தான் கை காட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து முன்வாசலில் நின்று யானையைத் தேடுவார்கள். அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மற்ற கோயில்களுக்குப் பின்சுவர் நேராக, மூலை வைத்து இருக்கும். இந்தக் கோயிலின் பின்சுவருக்கு மூலையே இல்லை. அரைவட்டமாக வளைந்து போகும். படுத்துத் தூங்குகிற யானையைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. சோழர் காலத்துக் கட்டடம், தொள்ளாயிரம் வருஷமாவது இருக்கும் என்று எப்போதோ வந்துபோன தொல்லியல் அதிகாரி ஒருவர் சொன்னாராம். சுவரின் அடியைச் சுற்றி, அந்த வளைவிலும் விடாமல், வரிவரியாகக் கல்வெட்டு ஓடும். ஊரில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. தெரியாததாலேயே அதன்மேல் எல்லோருக்கும் ஒரு பயம்.

தொள்ளாயிரம் வருஷம் நின்ற கோயிலை ரோடுதான் கவிழ்த்தது. தார் போடும்போதெல்லாம் ரோடு ஒரு சாண் உயர, கோயில் ஒரு சாண் பள்ளத்துக்குப் போனது. எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் செம்பரம்பாக்கம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. கருவறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று, சாமி முங்கியே போனார். மழை வடிந்ததும் ஊர்ப் பெரியவர் பக்தவத்சலம் ஊரைக் கூட்டினார். கோயிலைக் கல் கல்லாகப் பிரிப்பது, தரையை மேடாக்குவது, அதே கல்லை அதே இடத்தில் வைத்துத் திரும்பக் கட்டுவது என்று முடிவானது. சொல்வது சுலபம். பிரித்ததைச் சேர்க்க யாரால் முடியும் என்று கேட்டபோது கூட்டம் தரையைப் பார்த்தது. அப்போதுதான் கங்காதரன் எழுந்து நின்றான்.

கங்காதரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பரம்பரையாக அந்த ஊரில் ஏர் பிடித்த குடும்பம்தான், ஆனால் இவன் ஆவடியில் டாங்கி செய்கிற ஃபேக்டரியில் ஃபிட்டர். டாங்கியின் இன்ஜினை அக்கு அக்காகக் கழற்றி, நம்பர் போட்டு அடுக்கி, ஒரு வாஷர் மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டுகிறவன். அந்தப் பெருமையை ஊரில் அவன் சொல்லாத நாளில்லை. “அம்மாம் பெரிய டாங்கியையே கயிட்டி மாட்றோம். இது இன்னா, கல்லுதானே? நம்பர் போட்டுப் பிரி, நம்பர் பாத்து வை. அவ்ளோதான் மேட்டர்,” என்றான். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம் என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்கு ஒரு காரணமும் இருந்தது.

திருப்பணி நடக்கும்போது சாமியைக் கருவறையில் வைக்கமாட்டார்கள். அவருடைய சக்தியைக் கலசத்தில் இறக்கி, பக்கத்தில் சின்னக் கொட்டகை போட்டு வைப்பார்கள். அதற்குப் பாலாலயம் என்று பெயர். இது எல்லா ஊரிலும் உண்டு. பூவலம்பாக்கத்தில் கூடவே இன்னொரு கட்டும் உண்டு. சாமி தன் வீட்டுக்குத் திரும்பும்வரை ஊரில் எந்த வீட்டிலும் கல்யாண மேளம் கொட்டக்கூடாது. ‘சாமியே வாடகை ஊட்டுல கீறப்போ உனக்கு இன்னாடா கல்யாணம்?’ என்று கேட்பார்கள். கும்பாபிஷேகம் முடிந்ததும், திருப்பணியைத் தலையில் தாங்கினவன் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் முதல் மேளம். ஊரே தாம்பாளத்தோடு வந்து அழைத்து, அந்த வீட்டுப் பெண்ணை ஆனையின் முதுகைச் சுற்றிவரச் செய்து அனுப்பிவைக்கும். அதைவிடப் பெரிய மரியாதை அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது.

கங்காதரனுக்கு ஒரே மகள், ராணி. தாயில்லாப் பெண். அவளுக்குப் பரந்தாமன் என்ற பையனைப் பேசி முடித்திருந்தது. பையனின் அப்பா உலகநாதன் கங்காதரனோடு ஃபேக்டரியில் ஒரே ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவர், வேலூர்ப் பக்கத்து மனிதர், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். வைகாசிக் கடைசியில் அவருக்கு ரிட்டையர்மென்ட். அதற்குள், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுவதற்குள், கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் வந்து வாழ்த்தும்படி மகனுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பங்குனியில் கும்பாபிஷேகம், சித்திரையில் ராணிக்கு முதல் மேளம் என்று கங்காதரன் கணக்குப் போட்டான். கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் பாலாலயம் ஆனது. கங்காதரன் சுவரைப் பக்கம் பக்கமாக அளந்து வரைந்து, கல்லுக்கு ஒரு நம்பர் கொடுத்தான். ஃபேக்டரியில் செய்கிற மாதிரி எனாமல் பெயிண்டால் கல்லிலும் நம்பர் போடப் போனபோது பக்தவத்சலம் தடுத்தார். எந்த எண்ணெயில் குழைத்ததோ, அதைச் சாமி கல்லில் தடவுவதா என்று கேட்டார். உளியால் அடையாளம் கொத்தலாம் என்றார் ஸ்தபதி வேலுசாமி. சாமி உடம்பில் உளி படுவதா என்று அதற்கும் முடியாது என்றார்கள். கடைசியில் காவிக்கல்லை அரைத்து, பிசின் கலந்து, கல்லின் முகத்தில் நம்பர் எழுதினான் கங்காதரன். காவி கோயிலுக்கு உகந்தது, மழைத்தூறலுக்கும் அழியாது. பிரிப்பதற்கு முன்னால் பூந்தமல்லியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அதில் ஊரே சுவரை மறைத்துக்கொண்டு வரிசையாக நிற்கிறது.

செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியைக் கட்டிக் கல் கல்லாக இறக்கினார்கள். ஆனைக்கோயில் மார்கழிக்குள் ஏரிக்கரை மேட்டில் ஓலைப்பந்தலுக்கு அடியில் வரிசையாக அடுக்கிய கற்களாகிவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் சிவப்பாக நம்பர். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போதெல்லாம் கங்காதரன் இறங்கி நின்று அவற்றைப் பார்ப்பான். தன் வேலையைப் பார்த்துத் தானே மெச்சிக்கொள்வதில் என்ன தப்பு? யாரும் மெச்சாவிட்டால் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

போகிப் பண்டிகை அன்று அவனுக்கு முதல் ஷிப்ட். மதியம் வேலை விட்டு வந்தவன் மேட்டருகே சைக்கிளை நிறுத்தினான். பந்தலுக்கு அடியில் கற்கள் பளபளவென்று ஈரத்தில் மின்னின. ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ராணியும் ஏழெட்டுப் பெண்களும் முழங்கை வரை மஞ்சளோடு, களைத்து, சிரித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் கல்யாணம் நிச்சயமாகி மேளத்துக்குக் காத்திருந்த பெண்கள். சாமி சீக்கிரம் வீடு திரும்பட்டும் என்று வேண்டிக்கொண்டு, போகிக்கு வீட்டைக் கழுவுகிற மாதிரி சாமியின் வீட்டையும் கழுவியிருந்தார்கள். ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, புளி போட்டு, தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்திருந்தார்கள்.

“நைனா, ஒரு கல்லு உடல நாங்க. அல்லாத்தையும் தேச்சிட்டோம். அழுக்கு மாதிரி செவப்பா இன்னாவோ அப்பிக்கினு இருந்திச்சி, அதுகூடப் போயிடிச்சி,” என்றாள் ராணி.

அவளுக்கு அது நம்பர் என்று தெரியாதா என்றால், தெரியாது. பனி பட்டுப்பட்டுக் காவி கசிந்து பல கற்களில் கறையாகத்தான் இருந்தது. அதோடு, கல் இறங்கும் இடத்தில் வயதுப் பெண்களுக்கு என்ன வேலை என்று அவர்களை அந்தப் பக்கமே வரவிடாமல் துரத்தியவன் கங்காதரன்தான். நம்பர் விஷயத்தை ஃபேக்டரி முழுக்கச் சொன்னவன், பெற்ற மகளிடம் சொல்லவில்லை. அவன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். அடிக்கக் கை ஓங்கவில்லை, திட்டவுமில்லை. வீட்டில் இருக்கிற வரைபடத்தில் எல்லா நம்பரும் பத்திரமாக இருக்கிறது, கல்லில்தான் ஒன்றும் இல்லை என்று அவன் மனது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் தன் இரண்டு கையையும் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு அவனும் அவளிடம் பேசவில்லை, அவளும் அவனிடம் பேசவில்லை.

தை, மாசி இரண்டும் நரகம். விடியற்காலையிலும், ஷிப்ட் விட்ட பிறகும், லீவு போட்டும் கங்காதரன் டேப்பை வைத்துக் கல்லை அளந்தான். நேர்ச்சுவர்க் கற்கள் எல்லாம் ஒரே வார்ப்பு, அண்ணன் எது தம்பி எது என்று சொல்ல முடியாது. பங்குனி வந்தது, கும்பாபிஷேகம் வரவில்லை. ஊரில் நிச்சயதார்த்தங்கள் ஆட்டம் காண ஆரம்பித்தன. ஜெகதாம்பாளின் மகள் வரலட்சுமிக்குப் பார்த்திருந்த இடத்தில் இனிமேல் பொறுக்க முடியாது என்று ஆள் அனுப்பினார்கள். ஜெகதாம்பாள் நேராகக் கங்காதரன் வீட்டுவாசலுக்கு வந்தாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தான். அவள் அப்படிச் செய்யவில்லை. உன் பெண் கழுவிய கல்லில் என் பெண்ணின் தாலியும் போயிற்று என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே போனாள். தூற்றியிருந்தாலாவது தேவலை.

வேலுசாமி ஸ்தபதிதான் அப்போது ஒரு வழி சொன்னார். எந்தக் கல் எங்கே இருந்தால் என்ன, கைக்கு வந்ததை வைத்து அடுக்கி, மேலே சிமென்ட் பூசி, காவிப்பட்டை அடித்துவிடலாம், கல்வெட்டைத்தான் யாரும் படிக்கப் போவதில்லையே என்றார். ஒரு வாஷரைக்கூட மாற்றிப் போடாத கங்காதரன் அதற்குச் சரி என்றான். ராணியின் முகத்தை நினைத்துச் சரி என்றான். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

நேர்ச்சுவர்கள் ஏறின. பொய்யாகத்தான் ஏறின, ஆனாலும் பார்க்க நன்றாகவே இருந்தன. பின்பக்கம் வந்ததும் கதை மாறியது. வளைவுக் கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வளைவு கொண்டவை. கீழ்வரிசைக் கல் கொஞ்சம் அகல வளையும், மேல்வரிசைக் கல் கொஞ்சம் இறுக வளையும். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் கல்லுக்குக் கல் சேர்ந்துகொண்டே வந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த சுவர் நடுவில் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கொன்று விலகி நின்றது. நடுவே கை நுழைகிற அளவுக்குச் சந்து. ஒரு பக்கம் முன்னே தள்ளி, ஒரு பக்கம் பின்னே போய், யானைக்கு முதுகு ஒடிந்த மாதிரி இருந்தது. ஜல்லி போட்டு அடைத்துவிடலாம் என்றார் வேலுசாமி. கங்காதரன் அந்தச் சந்துக்குள் கையை விட்டுப் பார்த்தான். உள்ளே கருவறையின் வெறும் காற்றுதான் இருந்தது. அவன் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு அசிங்கமான வேலையைப் பார்த்ததில்லை, அதுவும் தன் கையால் செய்தது.

“பிரிச்சிடுங்க. மொத்தமும் பிரிங்க,” என்றான்.

அன்றைக்கு அவனுக்கு ஊரில் கிடைத்த வசவைச் சொல்லி மாளாது. பக்தவத்சலம் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சித்திரை முடிந்திருந்தது.

வைகாசி பிறந்ததும் உலகநாதன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கோபத்தோடு வரவில்லை. உங்கள் ஊர்க் கட்டு உங்கள் ஊருக்குத்தானே, பெண்ணை அழைத்துக்கொண்டு ஆவடிக்கு வந்துவிடுங்கள், குவார்ட்டர்ஸ் வாசலிலேயே பந்தல் போட்டு முடித்துவிடலாம் என்றார். கங்காதரனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. முதல் மேளமும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம், பெண் வாழ்ந்தால் போதும். சரி என்று சொல்ல அவன் வாயைத் திறந்தபோது, அடுப்படியிலிருந்து ராணி வெளியே வந்தாள். போகிக்குப் பிறகு அப்பாவைப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

“நான்தான் கழுவுனேன் நைனா. நான் கூப்ட்டுத்தான் அதுங்க வந்துச்சிங்க. அதுங்க அல்லாம் மூலைல குந்திகினு அழுவுது. நான் மட்டும் பட்டுப்பொடவ கட்டிகினு எப்டிப் போறது?”

உலகநாதன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கங்காதரன் கெஞ்சினான். அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செத்துப்போன மனைவியின் பெயரைச் சொல்லிக்கூடக் கெஞ்சினான். அந்தப் பெண் அசையவில்லை. அவளுக்குப் பரந்தாமனைப் பிடிக்காமல் இல்லை. அவன் வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையலை அவள் ஒரு நாளும் கழற்றியதில்லை. வைகாசி முடியும்வரை நான் காத்திருக்கிறேன், அதற்குமேல் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு உலகநாதன் புறப்பட்டார்.

மறுநாள் ராணி ஒரு டப்பா கோலமாவை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். கற்களைத் தேய்த்தவளுக்கு அவை கைக்குப் பழக்கம். தேய்க்கும்போது விரலில் தட்டுப்பட்டது ஒன்று அவள் நினைவில் இருந்தது. சில கற்களின் ஓரத்தில் எழுத்து பாதியோடு நின்றது. கல்லை அடுக்கிய பிறகுதான் அந்தக் காலத்தில் எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். அதனால் இணைப்பு வருகிற இடத்தில் பாதி எழுத்து இந்தக் கல்லிலும், மீதி அடுத்த கல்லிலும் விழுந்திருந்தது. அவள் வெட்டின பள்ளத்தில் எல்லாம் மாவைத் தூவித் தேய்த்தாள். கருங்கல்லில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. ஒரு கல்லில் கொக்கி மாதிரி ஒரு பாதி, நாலு கல் தள்ளி அதன் மீதி. படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கோலத்தில் விட்ட இழையைச் சேர்க்கத் தெரிந்தால் போதும்.

தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கங்காதரன் பக்கத்தில் வந்தான். அந்த இரண்டு கல்லையும் அளந்து தன் வரைபடத்தில் பார்த்தான். அளவு பொருந்தியது, இடமும் பொருந்தியது. அதற்குப் பிறகு அப்பனும் மகளும் வேறெதையும் நினைக்கவில்லை. அவள் ஜோடி கண்டுபிடிப்பாள், இவன் அளந்து இடம் சொல்வான். ஒரு வாரம் கழித்து வரலட்சுமி தானும் ஒரு டப்பா மாவோடு வந்து, ராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் மற்றப் பெண்களும் வந்தார்கள். எழுத்தில்லாத கற்களுக்குத்தான் நாளெடுத்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் இறக்கி, அடுத்ததைத் தூக்கினார்கள். வேலுசாமி முதலில் முணுமுணுத்தார், பிறகு அவருக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

சுவர் ஏற ஏற வைகாசி இறங்கிக்கொண்டிருந்தது. கங்காதரன் நாள்காட்டிப் பக்கமே திரும்பவில்லை. உலகநாதன் ரிட்டையரான அன்று ஷாப்பில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். அவர் கங்காதரனின் கையைப் பிடித்துக்கொண்டு, வேலூரில் பையனுக்கு வேறு பெண் பார்த்து முடித்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியது. கங்காதரன் வீட்டுக்கு வந்து அதை ராணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தட்டு வைத்துச் சோறு போட்டாள். கையில் கண்ணாடி வளையல் இல்லை.

ஆனியில் கும்பாபிஷேகம். மேலே புதிதாகக் கட்டிய விமானத்தின் கலசத்தில் தண்ணீர் ஊற்றியபோது, கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. இத்தனை மாதம் கொட்டகையில் கிடந்த சாமி வீடு திரும்பியதற்கு அழுதார்கள். ஆடி வருவதற்குள் முகூர்த்தத்துக்கு ஓட வேண்டும் என்றும் அழுதார்கள். வரலட்சுமிக்குப் பார்த்த இடம் திரும்பி வந்திருந்தது. மற்றப் பெண்களுக்கும் ஒவ்வொன்றாகத் தேதி குறித்திருந்தார்கள்.

பூஜை முடிந்ததும் பக்தவத்சலம் தாம்பாளத்தோடு வந்தார். அதில் தேங்காய், வெற்றிலை, ஒரு மாலை. பின்னால் மேளக்காரர்கள். ஊர் விலகி வழிவிட்டது. அவருக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் முறை முறைதான்.

“கங்காதரா, முதல் மேளம் உன் ஊட்டுதுதான். வாங்கிக்கோ.”

கங்காதரன் கை நீட்டவில்லை. இந்த ஒரு தாம்பாளத்துக்காகத்தான் அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றான். ஊர் முழுக்கத் தன் முகத்தையே பார்ப்பது தெரிந்து அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ராணிதான் முன்னால் வந்து தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படியே நடந்துபோய் ஜெகதாம்பாள் கையில் வைத்தாள்.

“அத்தே, வரலட்சுமிக்கு மொதல்ல கொட்டச் சொல்லுங்க.”

ஜெகதாம்பாள் தாம்பாளத்தைப் பிடித்த கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். மேளம் கொட்ட ஆரம்பித்தது. மாலை போட்டு வரலட்சுமியை ஆனையின் முதுகைச் சுற்றிக் கூட்டிவந்தார்கள். எங்கே வலப்புறம் திரும்ப வேண்டும், எங்கே கல்லைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று ராணிதான் கூடவே நடந்து சொல்லிக்கொடுத்தாள்.

கூட்டம் முன்பக்கம் போன பிறகு கங்காதரன் தனியாகப் பின்பக்கம் வந்தான். இரண்டு பக்கத்துச் சுவரும் சேருகிற இடத்தில் கையை வைத்துத் தடவினான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு புல் நுழைய இடமில்லை. பாதி எழுத்தும் மீதி எழுத்தும் ஒட்டி, நடுவில் கோடு இருப்பதே தெரியவில்லை. அவன் அந்த வளைவில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான்.

அவனைத் தேடிக்கொண்டு ராணி வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு அவன் கை இருந்த இடத்தில் தானும் கையை வைத்துப் பார்த்தாள்.

“எங்கியாவது சந்து கீதா நைனா?”

“இல்லம்மா.”

“அப்பறம் இன்னாத்துக்கு அழுவுறே?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். முன்பக்கத்தில் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. பந்தி போட்டுவிட்டார்கள், சாப்பிட வா என்று சொல்லி, அவள் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.